காணாத டிஸ்க்கும் வராத நோயாளியும்

போன மாதம், கம்ப்யூட்டர் வேலைக்குப் புதிதாக வந்த உங்களில் ஒருவர் என் வீடு தேடி வந்து, "மிஸ், டிஸ்க் வேலைக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேண்டிய கமாண்ட் எது?" என்று கேட்டார். பேனையும் கையுமாக உட்கார்ந்திருந்தார், பாவம். நான் நாலைந்து கமாண்ட் சொல்லுவேன், எழுதிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்து வந்திருக்கிறார். கமாண்ட் எல்லாம் உங்கள் கைபேசியிலேயே கிடக்கிறதே! கேட்ட மாத்திரத்தில் எழுதிக் கொடுக்க இப்போது ஆயிரம் வழி இருக்கிறது. எதை அடிக்காமல் இருப்பது என்று தீர்மானிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம்.

அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். என் கோபம் ஓய்வு பெற மாட்டேன் என்கிறது. அதனால் அவருக்குச் சொல்லாததை உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மவுசைப் பிடித்துச் செய்யும் வேலையில் ஒரு பெட்டி வந்து "நிச்சயமா?" என்றாவது கேட்கும். கமாண்ட் அடிக்கும் கறுப்புத் திரை அந்த அளவுக்குக்கூட உங்களைக் கவனித்துக்கொள்ளாது. அதிலும் ஃபோர்ஸ் என்ற ஒரு சொல்லைக் கடைசியில் சேர்த்துவிட்டீர்களோ, "வாயை மூடிக்கொண்டு செய்" என்று மிஷினுக்கு உத்தரவு போட்டாயிற்று. அது செய்யும். செய்துவிட்டு அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும். அழுவது நாமாகத்தான் இருக்கும்.

நான் கடைசியாக வேலை செய்தது கண்டி நகரத்தில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தில். பெயர் வேண்டாம். கம்ப்யூட்டர் பக்கம் முழுக்க என் பொறுப்பு. நோயாளிகளின் பெயர்ப் பதிவும் படங்களும் ஒரே சேர்வரில் இருந்தன. இடம் போதாமல் போனபோது, சேர்வருக்குள் இருந்த டிஸ்க்கோடு வெளியே ஒரு பெட்டியில் இன்னொரு டிஸ்க்கை வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே வொலியூமாக ஆக்கினார்கள். அடுத்தடுத்த இரண்டு அறைகளின் நடுச்சுவரை இடித்து ஒரே மண்டபமாக்கியது மாதிரி. ஒரு அறையை இடித்தால் மண்டபமே போச்சு. வேண்டாம், ஒழுங்கான சேர்வர் வாங்குங்கள் என்று நான் கத்தினேன். பெரிய இடத்துக்குக் கேட்கவில்லை.

இது நடந்தது வாணி விழாவுக்கு, அதாவது சரஸ்வதி பூஜைக்கு, மறுநாள். எங்கள் நிலையத்தில் தமிழ் ஆட்கள் நிறையப் பேர். ஆயுத பூஜை என்றால் ஸ்கேன் மிஷின், பிரிண்டர், சேர்வர் ஒன்றையும் விட மாட்டோம். எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்போம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பூஜையன்று மத்தியானம் நானே சேர்வரை முறைப்படி நிறுத்தி, பொட்டும் வைத்து, அவல் கடலையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் நான் வந்த பிறகு ஓட விடலாம் என்று சொல்லியிருந்தேன். மனேஜருக்குப் பொறுமை ஏது? நான் வருமுன்பே சுவிட்சைப் போட்டுவிட்டார்.

நான் உள்ளே நுழையும்போது கவுன்டரில் ஒரே வாக்குவாதம். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா, கொழுந்து எடுக்கிறவர், மகளோடு வந்து நின்றார்.

"உங்க பேருக்கு ஒண்ணுமே இல்லம்மா. நீங்க இங்க ஸ்கேன் எடுக்கல" என்றாள் கவுன்டரில் இருந்த பெண்.

"இல்ல புள்ள, இங்கதான் எடுத்தேன். அந்தா, அந்தக் கதவுதான். உள்ள படுக்க வச்சாங்க. ஒரே குளிரு. மூச்சப் புடி, மூச்ச விடுன்னு ஒரு பொம்பளக் கொரலு சொல்லிச்சு, ஆளையே காணல."

அந்த மிஷினுக்குள் பதிந்து வைத்த குரல் அது. நேரில் படுக்காத எவருக்கும் அது தெரியாது. ஆனால் மகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்க்கிறார்கள் அல்லவா?

"அம்மா, சும்மா இருங்க. கம்ப்யூட்டர்லயே இல்லைங்கிறாங்க. வேற எங்கயாச்சும் எடுத்துட்டு மறந்திருப்பீங்க."

"வேற எங்க புள்ள நான் போனேன்? என்னைய எவன் கூட்டிக்கிட்டுப் போனான்?"

நான் மகளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தேன். அம்மாவுக்கு ஈரலில் ஒரு கட்டி. முன்பு இங்கே ஸ்கேன் எடுத்தபோது கண்டுபிடித்தது. இப்போது பேராதனை ஆஸ்பத்திரியில் கிளினிக்குக்குப் போகிறார்கள். அங்கே புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்தாயிற்று.

"பழைய படத்தோட வச்சுப் பாக்கணும்னு டாக்டர் சொன்னாரு மிஸ். கட்டி வளரலைன்னா வெட்ட வேண்டியதில்லையாம். பழசு இல்லாட்டி ரிஸ்க் எடுக்க முடியாது, ஒப்பரேஷனுக்கு நாள் குறிச்சிருவோம்னாங்க. இன்னைக்கு மத்தியானம் கிளினிக். அம்மாவுக்கு நெஞ்சு வருத்தமும் இருக்கு. மயக்க மருந்து தாங்குவாங்களோன்னு பயமா இருக்கு மிஸ்."

"குடுத்த படம் எங்க தங்கச்சி?"

"லயத்து வீட்டுல கூரை ஒழுகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு."

நான் கவுன்டர் திரையை எட்டிப் பார்த்தேன். அன்று காலையில் வந்த சிலரின் பெயர்கள் மட்டும் இருந்தன. அதற்கு முன் வந்தவர் ஒருவர்கூட இல்லை. அப்படியானால் இத்தனை வருடம் நாங்கள் எவரையும் ஸ்கேன் எடுக்கவே இல்லையா?

"காலைல இருந்து இப்படித்தான் மிஸ்" என்றாள் அந்தப் பெண். "புதுப் பேர் ஏறுது, பழசு ஒண்ணும் வரல. கொழும்புல இருந்து பாத்துக்கிட்டிருக்காங்கன்னு சார் சொன்னாரு."

"பழசு ஒண்ணும் வரலைன்னு தெரிஞ்சுக்கிட்டே அந்தம்மாவ நீங்க இங்க வரவே இல்லைன்னு சொன்னீங்களா?"

"கம்ப்யூட்டர்ல இல்லையே மிஸ்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டரில் இல்லையாம்! பெயர் இல்லை, பெயர் இல்லை என்று சொல்லிச் சொல்லியே எங்கள் மலையகச் சனத்தை எத்தனை காலம் எத்தனை அரசாங்கக் கந்தோர் வாசலில் நிற்க வைத்தார்கள். இப்போது நாங்களே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அதே வார்த்தையைச் சொல்கிறோம். அந்த அம்மாவையும் மகளையும் கதிரையில் உட்கார வைத்து, "எங்கயும் போகாதீங்க, நான் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டு சேர்வர் அறைக்கு நடந்தேன்.

அங்கே மனேஜர் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நின்றார். மறுமுனையில் கொழும்பிலிருந்து மென்பொருள் கொம்பனியின் இன்ஜினியர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவர் அங்கிருந்தபடியே எங்கள் சேர்வருக்குள் நுழைந்திருந்தார். அவர் அடிப்பது இங்கே திரையிலும் தெரியும்.

நான் முதலில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்றால் பார்த்தது மட்டுமே. என்னென்ன டிஸ்க் தெரிகிறது, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று காட்டுகிற கமாண்ட்கள் எதையும் மாற்றாது. அவற்றை எத்தனை தரம் வேண்டுமானாலும் அடிக்கலாம். நடந்தது உடனே விளங்கிவிட்டது. இரண்டு டிஸ்க்கில் ஒன்றைக் காணவில்லை. அதனால் வொலியூம் திறபடவில்லை. வொலியூம் வந்து உட்கார வேண்டிய ஃபோல்டர் காலியாகக் கிடந்தது. எங்கள் மென்பொருள் அந்தக் காலி ஃபோல்டரைப் பார்த்து, "ஓ, இன்றைக்குத்தான் கடை திறந்திருக்கிறார்கள்" என்று நினைத்துப் புதுப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ரெண்டாவது டிஸ்க் செத்துப்போச்சு" என்றார் இன்ஜினியர். "மிஸ்ஸிங் எண்டு காட்டுது தானே. ஃபோர்ஸ் போட்டு அதைக் கழட்டி விட்டா மிச்சம் எழும்பும்."

"மிஸ்ஸிங்னா செத்துப்போச்சுன்னு யார் தம்பி சொன்னது?"

"எல்லா இடத்திலயும் உப்பிடித்தான் அக்கா செய்யிறனாங்கள்."

"வொலியூம் ரெண்டு டிஸ்க்கிலயும் விரிஞ்சு கெடக்கு. நீங்க சொல்றதச் செஞ்சா அந்த வொலியூமையே சேத்துத் தூக்கிடும். மிச்சம்னு ஒண்ணும் இருக்காது. தெரியுமா?"

"பெக்கப் கொப்பி இருக்கும் தானே அக்கா" என்றார் இன்ஜினியர்.

"எங்க இருக்கு?"

"உங்கட பக்கம்தான்."

மனேஜர் திடுக்கிட்டார். "அது கொழும்புலதானே இருக்கு? அதுக்கும் சேத்துத்தானே உங்களோட ஒப்பந்தம்?"

கேட்டீர்களா அநியாயத்தை! இரண்டு பக்கமும் அடுத்த பக்கத்தில் இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். நான் பெக்கப்பைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "அது கொம்பனியோட வேல மிஸ், நீங்க கை வைக்க வேணாம்" என்று சொன்ன அதே மனேஜர்.

அதற்குப் பிறகாவது அடங்கினாரா? இல்லை. "சரி மிஸ், நடந்தது நடந்துபோச்சு. வெளிய சனம் நிக்குது. இப்ப சிஸ்டம் எழும்பணும். நீங்க அடிக்கிறீங்களா, அவர அடிக்கச் சொல்லவா?"

"பழைய படமெல்லாம் போயிடும் சார். வெளிய ஒரு அம்மா ஒக்காந்திருக்காங்க. அவங்க படம் இல்லாட்டி இன்னைக்கு ஒப்பரேஷனுக்கு எழுதிருவாங்க."

"ஒருத்தருக்காக எல்லாரையும் நிப்பாட்ட ஏலுமா? அவங்களுக்கு வேணும்னா புதுசா ஒரு ஸ்கேன் ஃப்ரீயா எடுத்துக் குடுப்போம்."

பழைய படம் கேட்டு வந்தவருக்குப் புதுப் படமாம், அதுவும் இனாமாம்! நான் வாய் திறப்பதற்குள் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின. கொழும்பில் அந்தப் பிள்ளை அடிக்கிறது. எங்கள் டிஸ்க் இரண்டும் சேர்ந்த குழுவின் பெயர் வந்தது. காணாததை நீக்கு என்ற பகுதி வந்தது. கடைசியில் ஃபோர்ஸ் என்ற சொல்லும் வந்துவிட்டது. என்டர் ஒன்றுதான் பாக்கி.

கையை நீட்டி நெட்வேர்க் வயரைப் பிடுங்கினேன்.

எழுத்துகள் அப்படியே நின்றன. நான் அவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன். வயரைச் சுருட்டி என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். மனேஜரின் முகம் சிவந்துவிட்டது.

"மிஸ், நீங்க என்ன செய்றீங்கன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது சார். வேலைய விட்டு நிப்பாட்டுறதுன்னா மத்தியானத்துக்குப் பொறவு நிப்பாட்டுங்க. அதுவரைக்கும் இந்த மிஷின்ல யாரும் கை வைக்கப்படாது."

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? மேலதிகாரி அடி என்கிறார். கொம்பனிக்காரர், நன்றாகப் படித்தவர், எல்லா இடத்திலும் இப்படித்தான் என்கிறார். வெளியே சனம் முணுமுணுக்கிறது. உங்களில் பாதிப் பேர் அடித்திருப்பீர்கள். பிறகு, "சொன்னாங்க, செஞ்சேன்" என்பீர்கள். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். விரல் உங்களுடையது. அது தெரியாவிட்டால் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்காராதீர்கள்.

சேர்வர் தனக்கு நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவுகளைப் புரட்டினேன். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் சும்மா சாகாது. படிக்க முடியவில்லை, எழுத முடியவில்லை என்று நாள்கணக்கில் புலம்பி வைக்கும். இதில் ஒரு புலம்பல்கூட இல்லை. பூஜைக்கு முன் நான் நிறுத்தும்வரை நன்றாக இருந்த டிஸ்க், காலையில் சேர்வர் எழுந்தபோது வந்து சேரவே இல்லை. வராத ஆளுக்கு மரணச் சான்றிதழ் எழுதவா இத்தனை அவசரம்? எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் முழங்காலிட்டேன்.

வெளி டிஸ்க் பெட்டி அங்கேதான் இருந்தது. தூசி துடைத்து, நெற்றியில் பொட்டு வைத்து, பளிச்சென்று. அதன் விளக்கு மட்டும் எரியவில்லை. மின் வயர் அழகாகச் சுருட்டி ரப்பர் பட்டி போட்டு மேலே வைக்கப்பட்டிருந்தது. அது செருகியிருக்க வேண்டிய பிளக் பொயின்டில் வேறொரு வயர் செருகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனேன். சுவரில் மாட்டியிருந்த சரஸ்வதி படத்தைச் சுற்றிய கலர் பல்ப் மாலையில் போய் முடிந்தது. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று அது பாட்டுக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.

நான் திரும்பி மனேஜரைப் பார்த்தேன். அவர் படத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"நேத்து நீங்க போன பொறவு நான்தான் மிஸ் போட்டேன்" என்றார் மெதுவாக. "வேற பிளக் பொயின்ட் இருக்கல. அது சும்மா கெடக்கிற பெட்டின்னு நெனச்சேன்."

சும்மா கிடக்கிற பெட்டி! கண்டி மாவட்டத்தில் பாதிச் சனத்தின் வயிறும் தலையும் நெஞ்சும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. விளக்குப் போட்ட கை அவருடையது. டிஸ்க் செத்துவிட்டது, கழற்றி எறி என்று குதித்த வாயும் அவருடையதே. எனக்கு வந்த கோபத்தில் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார். சரஸ்வதி என் பக்கம்தான் இருந்திருப்பாள் என்று நான் சொன்னேன்.

"அதான் கண்டுபிடிச்சாச்சே, செருகுங்க மிஸ்" என்று மறுபடியும் தொடங்கினார். செருகவில்லை. காலியான ஃபோல்டருக்குள் அன்று காலையில் வந்தவர்களின் படங்கள் எழுதப்பட்டிருந்தன. அப்படியே வொலியூமைக் கொண்டுவந்து அதன் மேல் உட்கார வைத்தால் அவை அடியில் மறைந்து போகும். அடுத்த வாரம் அவர்களில் ஒருவர் வந்து நிற்பார், கவுன்டரில் மறுபடி "நீங்க வரவே இல்ல" என்பார்கள். அதனால் மென்பொருளை நிறுத்தினேன். காலைப் படங்களை வேறிடத்துக்கு நகலெடுத்தேன். சேர்வரை நிறுத்தி, பல்ப் மாலையைக் கழற்றி மனேஜர் கையில் கொடுத்து, பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, பிறகு சேர்வரைப் போட்டேன். காணாத டிஸ்க் வந்து தன் இடத்தில் நின்றது. வாசிக்க மட்டும் முடிகிற மாதிரி வொலியூமைத் திறந்து, உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்த பிறகே முழுதாகத் திறந்தேன். கைப்பையிலிருந்த வயரைத் திரும்பச் செருகி, நகலெடுத்த காலைப் படங்களையும் அதில் சேர்த்து, மென்பொருளை மறுபடி ஓட விட்டேன். மனேஜர் பல்ப் மாலையைச் சுருட்டத் தொடங்கினார்.

வெளியே வந்தேன். அம்மாவும் மகளும் அதே கதிரைகளில்தான் இருந்தார்கள். மகள் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா யாரையும் பார்க்காமல் மடியில் கையை வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். அவர்களைக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன். பெயர் ஆங்கிலத்தில் இருந்ததால் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியவில்லை. மகள்தான் வாசித்தாள். பெயர், வயது, கலஹா, தோட்டத்தின் பெயர், டிவிஷன் வரைக்கும் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

"இருக்கா புள்ள?"

"இருக்கும்மா. இங்கதான் வந்திருக்கீங்க."

அம்மா என் பக்கம் திரும்பினார். "காலையில இருந்து எனக்கே சந்தேகமாப் போச்சு மிஸ். புத்திதான் பெரண்டு போச்சோன்னு பயந்துட்டேன்."

கவுன்டரில் இருந்த பெண் அடுத்தவரின் பெயரை அடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. நான் படங்களை ஒரு சீடியில் எழுதிக் கொடுத்து, இருவரையும் முச்சக்கர வண்டி ஒன்றில் ஏற்றி பேராதனைக்கு அனுப்பினேன்.

என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நன்றியும் சொல்லவில்லை. மேலிடத்துக்குப் போன விளக்கத்தில் "தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதப்பட்டிருந்ததாம். எந்தக் கோளாறு? டிஸ்க்கும் சேர்வரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. ஒன்றைக் காணவில்லை என்று மிஷின் உண்மையைச் சொன்னது. அதைச் செத்தது என்று வாசித்தவர்கள் மனிதர்கள். ஒன்றும் தெரியாத காலிப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு, கட்டியோடு வந்து நின்ற ஒரு பொம்பிளையைப் பொய்க்காரியாக்கியவர்களும் மனிதர்கள்தான். இந்த இரண்டும் ஒரே தவறு என்பது உங்களுக்கு விளங்கினால் போதும், மற்றதை நீங்களே கற்றுக்கொள்வீர்கள்.

அன்று சாயங்காலம் மகள் கைபேசியில் கூப்பிட்டாள். பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து டாக்டர் பார்த்தாராம். கட்டி வளரவே இல்லையாம். ஒப்பரேஷன் வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்து காட்டுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். சொல்லும்போதே அழுகிறாள். "அம்மாவும் பேசணும்கிறாங்க மிஸ்" என்று கைபேசியைக் கொடுத்தாள்.

கட்டியைப் பற்றித்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"மிஸ், அந்த கவுன்டர் புள்ளகிட்ட சொல்லிருங்க" என்றார். "நான் வந்தேன்னு."

மறுநாள் முதல் வேலையாகச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன். அந்த அம்மா வந்திருந்தார்.